மலையேறும் கால்: சாக்ஸ், ஷூ, பெடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பாருங்கள். கோவையிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்தவர்கள் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். டீ சொல்வதற்கு முன்னாலேயே ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். தொடை வலியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை, அது வரும் என்று தெரிந்தேதான் கிளம்பினார்கள். பாதம் இப்படிப் படுத்தும் என்றுதான் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. பல வருஷமாக இந்த மலையில் மிதிக்கிறவன், அவ்வளவுதான். டீக்கடையில் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பர்லியாறு தாண்டியதும் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறதா?

பெரும்பாலும் அது ரத்தம் இல்லை, நரம்பு. விரல்களுக்குப் போகும் நரம்புகள் முன்பாதத்து எலும்புகளின் முனைகளுக்கு நடுவே புகுந்துதான் போகின்றன. பெடலை நாம் மிதிப்பதும் அந்த எலும்பு முனைகளால்தான். பக்கவாட்டில் ஷூ நெருக்குகிறது, கீழே பெடல் அழுத்துகிறது, நடுவில் மாட்டிய நரம்பு நசுங்குகிறது.

'கோவையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆவதில்லையே' என்பார்கள். சமவெளியில் அவ்வப்போது மிதிக்காமல் வண்டியை உருள விடுகிறோம். நமக்கே தெரியாமல் பாதத்துக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. மலை ஆரம்பிக்கும் கல்லாறு தாண்டிய பிறகு அந்தச் சலுகை கிடையாது, மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மூன்று மணி நேரம், நிமிஷத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலும் 10,800 தடவை அழுத்துகிறது, அதுவும் முழு பலத்தோடு. இதற்கு நடுவே வெப்பத்தில் பாதம் வேறு வீங்கும். காலை ஆறு மணிக்குக் கச்சிதமாக இருந்த ஷூ ஒன்பது மணிக்குச் சின்னதாகிவிட்டது போலத் தெரிவது அதனால்தான். பட்லகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மரத்துப்போக ஆரம்பித்ததும் என்ன செய்வது?

ஷூவை இளக்குங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எல்லோருக்கும் ஷூவை இறுக்கினால்தான் பலம் வரும் என்று ஒரு நினைப்பு. விரல் பக்கம் இருக்கும் லேஸ் அல்லது பட்டையில் பிடிமானம் தேவையே இல்லை. கணுக்கால் பக்கம் பிடித்தால் போதும், முன்பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். என் கணக்கில், பத்துப் பேர் மரத்துப்போகிறது என்று வந்தால் ஏழெட்டுப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து கியரைக் குறையுங்கள். கடினமான கியரில் மெதுவாக அழுத்தி அழுத்தி மிதித்தால் ஒவ்வொரு மிதியிலும் பாதத்தில் விழும் பாரம் கூடும். லேசான கியரில் வேகமாகச் சுற்றினால் அந்தப் பாரம் பல மிதிகளில் பிரிந்துவிடும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது மிதி எழுந்து நின்று மிதியுங்கள், ஷூவுக்குள் விரல்களை மடக்கி விரியுங்கள். இவ்வளவும் செய்து அடங்கவில்லை என்றால் இறங்கி நூறடி தள்ளிக்கொண்டு நடங்கள். குரங்குகளைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை.

மரத்துப்போகவில்லை, முன்பாதம் நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது. இதுவும் அதுதானா?

கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். எரிச்சல் ஒரே புள்ளியில், பெருவிரலுக்குக் கீழே அல்லது நடுவிரலுக்குக் கீழே இருந்தால், பாரம் முழுக்க அந்த ஒரு இடத்தில் விழுகிறது என்று அர்த்தம். அடிப்பாகம் மெத்தென்று இருக்கும் ஓட்டப்பந்தய ஷூவில் இது அதிகம். நடக்கச் சுகமான அந்த மெத்தை, சின்ன பெடல் மேல் வைத்து அழுத்தும்போது வளைந்துகொடுத்து, பெடலின் விளிம்பை அப்படியே பாதத்துக்கு அனுப்பிவிடும். அடிப்பாகம் கெட்டியாக இருந்தால் அதே பாரம் பாதம் முழுவதும் பரவும்.

ஷூவை மாற்றுவதற்கு முன்னால் பாதத்தைப் பெடலில் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துப் பாருங்கள். அதாவது பெடலின் அச்சு விரல் பக்கத்திலிருந்து நடுப்பாதத்தை நோக்கிக் கொஞ்சம் நகர வேண்டும். ஒரு விரற்கடை போதும். அதிலும் சரியாகவில்லை என்றால் ஷூவுக்குள் போடும் இன்சோலைப் பாருங்கள். முன்பாத எலும்புகளுக்குச் சற்றுப் பின்னால் சின்ன மேடு வைத்த இன்சோல் கிடைக்கிறது. அது எலும்புகளைக் கொஞ்சம் விரித்துக்கொடுக்கும், நரம்புக்கு இடம் கிடைக்கும். மேடு எலும்புக்குப் பின்னால் வர வேண்டும், நேர் கீழே வந்தால் எரிச்சல் இரண்டு மடங்கு.

அப்படியானால் சைக்கிளுக்கென்று தனி ஷூ வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இரண்டு கைகளாலும் பிடித்து வளைத்தால் சுலபமாக மடங்காத, அடிப்பாகம் தட்டையான எந்த ஷூவும் சாதா பெடலுக்குப் போதும். வாரம் ஒருமுறை மலை ஏறுகிறீர்கள், பாதத் தொல்லை விடவே இல்லை என்றால் தனி ஷூவைப் பற்றி யோசியுங்கள். விலை அதிகமான ஷூ என்றால் சொகுசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பந்தயக்காரர்களுக்கான விலை உயர்ந்த ஷூக்களில் அடிப்பாகம் பலகை மாதிரி இருக்கும், முன்பக்கம் ஒடுக்கமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து செருப்போடு நடந்து விரல்கள் விரிந்த நம் கால்களுக்கு அந்த ஒடுக்கம் ஒத்துவராது.

லேஸ் வைத்த ஷூ என்றால் முடிச்சைப் போட்டுவிட்டு நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். வலது கால் லேஸ் செயினில் சிக்கினால் கொண்டை ஊசி வளைவில் காலை ஊன்ற முடியாது.

அளவு எப்படிப் பார்ப்பது? கடையில் சரியாக இருந்தது, மலையில் கடிக்கிறது.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்து நின்று பாதம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும் நேரம் அது. சைக்கிள் ஓட்டும்போது போடும் அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்தால் வீட்டிலேயே ஒரு காகிதத்தின் மேல் நின்று, யாரையாவது பென்சிலால் இரண்டு பாதங்களையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். அதன் மேல் ஷூவை வைத்தால், பென்சில் கோடு எந்தப் பக்கம் வெளியே நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் மலையில் கடிக்கப் போகிறது. வரைந்து பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும்: பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு இல்லை. பெரிய பாதத்துக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். ஒரு கால் மட்டும் மரத்துப்போகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு எண் சின்ன ஷூவை வாங்கி, போடப் போட இளகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தோல் செருப்பு இளகும், பிளாஸ்டிக் அடிப்பாகம் இளகாது. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துப்போனதுதான் மிச்சம்.

பருத்தி சாக்ஸ்தான் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்கிறார்.

திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் நமக்குப் பருத்தி மேல் பாசம் அதிகம். பனியனுக்குச் சரி, மலை ஏறும் காலுக்குச் சரியில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரத்தில் தோல் ஊறி மிருதுவாகும், ஊறிய தோல் உராய்ந்தால் கொப்புளம். பாலியெஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் ஈரத்தை வெளியே தள்ளிச் சீக்கிரம் காயும். கம்பளி சாக்ஸ், அதிலும் மெல்லிய மெரினோ, ஈரமானாலும் கொஞ்சம் கதகதப்பைக் கொடுக்கும், நாற்றமும் குறைவு.

மெரினோ என்றதும் வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆட்டோடு மெரினோ, ராம்பூலே இனங்களைக் கலந்து சாண்டினோ என்ற இனத்தையே அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். ஆடு இங்கே மேய்கிறது, ஆனால் நல்ல சாக்ஸ் மட்டும் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. கம்பளி என்று சொல்லி விற்பதில் பலவும் அக்ரிலிக்தான், வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்.

தடிமனைவிட முக்கியம் தையல். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி விரல் நுனிப் பக்கம் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி தட்டுப்பட்டால் அது நாலு மணி நேரத்தில் சுண்டுவிரலை அறுத்துவிடும்.

டிசம்பரில் ஊட்டியிலிருந்து இறங்கும்போது கால் விறைத்துப்போகிறது. இரண்டு சாக்ஸ் போடலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் காசைச் செலவழித்துத் தொல்லையை அதிகப்படுத்திக்கொள்கிறார்கள்.

முதலில் காரணம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர், ஆகவே பன்னிரண்டு டிகிரி. ஏறும்போது அது தெரியாது, உடம்பு அடுப்பாக எரிகிறது, சாக்ஸ் வியர்வையில் நனைகிறது. உச்சிக்கு வந்து டீ குடிக்கும் அரை மணி நேரத்தில் அந்த ஈரம் குளிர்கிறது. அப்புறம் இறக்கம். கால் மிதிப்பதில்லை, அதனால் சூடு உண்டாவதில்லை. எதிர்க்காற்று ஷூவின் வலைத்துணி வழியாக நேராகப் புகுந்து நனைந்த சாக்ஸை உலர்த்துகிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் உங்கள் பாதமும் குளிர்கிறது. தலைக்குந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்திருக்கும் காலையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

ஆகவே விறைப்புக்கு முதல் காரணம் ஈரம், அடுத்தது காற்று. சாக்ஸின் எண்ணிக்கை அதற்கும் பின்னால்தான். ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள், உச்சியில் மாற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் சாக்ஸுக்கும் ஷூவுக்கும் நடுவே, விரல்களின் மேல் பக்கமாக, செய்தித்தாளை மடித்துச் செருகுங்கள். டீக்கடையில் கேட்டால் நேற்றைய பேப்பர் தருவார்கள். பேப்பர் இல்லையென்றால் பால் கவர். நீலகிரியில் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, கவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

இரண்டு சாக்ஸ் போட்டு ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், குளிர் அதிகமாகும். போட்ட பிறகு விரல்களைத் தாராளமாக ஆட்ட முடிகிறதா? முடிந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஒன்றே நல்லது. இன்னொன்று, நெஞ்சுக்கும் கழுத்துக்கும் காற்று படாமல் மூடுங்கள். உடம்பு குளிர்ந்தால் நடு உடம்பைக் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் அது முதலில் குறைக்கும். மார்புக்குள் செருகிய ஒரு செய்தித்தாள் காலையும் சேர்த்தே காப்பாற்றும்.

இறக்கத்தில் மிதிக்கவே இல்லை, ஆனாலும் பாதம் வலிக்கிறதே?

பெடல் மேல் நின்றுகொண்டே வருகிறீர்கள், அதனால்தான். பலரும் எப்போதும் ஒரே காலை முன்னால் வைப்பார்கள். நேர்ச்சாலை வந்தால் கால் மாற்றி வையுங்கள். குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் விரல் நுனியில் நின்று வந்தால் கெண்டைக்கால் மறுநாள் பதில் சொல்லும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூனிலிருந்து, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் என்று நமக்கு இரண்டு மழை. ஷூ நனையாமல் இருக்க வழி தேடாதீர்கள், நனையும். முன் சக்கரத்துக்கு மட்கார்டு போட்டால் பாதி நீர் காலுக்கு வராது, இதுவே பெரிய உதவி. குதிகாலுக்குப் பட்டை உள்ள, அடிப்பாகம் கெட்டியான சாண்டல் மழைக்கு அருமை, கழுவிவிட்டால் காய்ந்துவிடும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம், ஈரப் பெடலில் வழுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இன்சோலை வெளியே எடுத்து, ஷூவுக்குள் பேப்பரைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பேப்பரை மாற்றுங்கள். கணப்புச் சட்டிப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுக்கொண்டு அடிப்பாகம் வாயைத் திறந்துவிடும். விரலிடுக்குகளைத் துண்டால் ஒற்றி உலர்த்துங்கள், இல்லையென்றால் சேற்றுப்புண் வரும். வந்துவிட்டால் அது பூஞ்சைத் தொற்று, மருந்துக்கடைக் களிம்பு கேட்கும். தேங்காய் எண்ணெய் போதாது.

அட்டை கடித்தால் பதறாதீர்கள். கடிவாய்ப் பக்கம் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவித் துணி கட்டினால் போதும்.

சாதா பெடலா, ஷூவை மாட்டும் பெடலா?

இதற்கு டீக்கடையில் சண்டையே நடக்கும். மாட்டும் பெடலுக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் 'கிளிப்லெஸ்'. மாட்டுகிற பெடலுக்கு ஏன் கிளிப் இல்லாத பெடல் என்று பெயர்? முன்காலத்தில் விரலுக்குக் கூடு மாதிரி கிளிப்பும் வாரும் இருந்தன. 1984-ல் லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸை மாட்டும் முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. கிளிப் போய்விட்டது, அதனால் அந்தப் பெயர். அடுத்த வருஷம் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார், உலகமே மாறிக்கொண்டது.

என் கருத்து: மலை ஏற ஆரம்பிக்கும் முதல் வருஷம் அகலமான சாதா பெடல். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் பாரம் பரவும், பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்து மிதிக்கலாம். அந்தச் சுதந்திரமே பாதி மருந்து. மாட்டும் பெடலில் பாதம் எந்நேரமும் ஒரே இடத்தில் இருக்கும். அந்த இடம் சரியென்றால் சொர்க்கம், தப்பென்றால் 10,800 தடவையும் தப்பு.

மாட்டத்தான் வேண்டும் என்றால் இரண்டு திருகு வைத்த சின்ன கிளீட் வாங்குங்கள். கிளீட் என்பது ஷூவைப் பெடலோடு மாட்டுகிற துண்டு. அது ஷூவின் அடியில் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், நடக்க முடியும். மூன்று திருகு வைத்த பெரிய பிளாஸ்டிக் கிளீட்டோடு ஈரமான டீக்கடைத் தரையில் நடந்து பாருங்கள், புரியும். எனக்கு முதல் விழுப்புண் காட்டேரி பூங்கா பக்கத்து வளைவில். எதிரே பஸ், நான் பிரேக் பிடித்தேன், கால் கழறவில்லை, மெதுவாக மரம் சாய்வதுபோல் சாய்ந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "காலை ஊனுங்க சார்" என்றார். ஊனத்தானே முடியவில்லை!

கிளீட்டை எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

ஷூவைப் போட்டுக்கொண்டு உள்பக்கம் பெருவிரல் அடியில் புடைத்திருக்கும் எலும்பையும், வெளிப்பக்கம் சுண்டுவிரல் அடியில் இருக்கும் எலும்பையும் தடவிப் பார்த்து, இரண்டு இடத்திலும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பெருவிரல் எலும்புக்கு நேர் கீழே அச்சு வர வேண்டும் என்பது பழைய விதி. நீண்ட ஏற்றத்துக்கு இரண்டு குறிகளுக்கும் நடுவே, அல்லது அதற்கும் சற்றுக் குதிகால் பக்கமாக அச்சு வருவது நல்லது என்பது என் அனுபவம். முன்பாதத்தில் பாரம் குறையும், கெண்டைக்காலும் தப்பிக்கும்.

பழைய இடத்தைப் பேனாவால் வரைந்துவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள். நிறைய நகர்த்தினால் சீட்டையும் கொஞ்சம் இறக்க வேண்டி வரும். திருப்பும் கோணத்துக்கு, மேஜை மேல் உட்கார்ந்து காலைத் தொங்க விட்டுப் பாருங்கள். பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அப்படியே இருக்கட்டும். அதை நேராக்குகிறேன் என்று திருப்பினால் முட்டி வலிக்கும்.

குதிகாலுக்கு மேலே, பின் நரம்பில் வலி. அதற்கும் ஷூதான் காரணமா?

முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். சீட் அதிக உயரமாக இருந்தால் கால் எட்டாமல் நுனிவிரலால் மிதிப்பீர்கள், அந்த இடம் இழுபடும். நாம் நரம்பு என்று சொன்னாலும் அது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்.

பெடலை நானே மாற்றலாமா?

தாராளமாக. 15-ம் எண் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு மட்டும் எதிர் மரை என்பதை மறக்காதீர்கள். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய், பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கம்பியைக் கெடுத்தவர்கள் பலர். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கொப்புளத்தைக் குத்திவிடலாமா?

ஊசித் தொழிற்சாலை கேத்தியிலேயே இருக்கிறது என்பதற்காக எல்லாக் கொப்புளத்தையும் குத்த வேண்டாம். சின்னது என்றால் பிளாஸ்திரி ஒட்டி விட்டுவிடுங்கள். பெரிதாக, வலியோடு இருந்தால் சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றுங்கள், மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் கட்டு. அடுத்த தடவை அந்த இடத்தில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. அவரும் ஓட்ட ஆசைப்படுகிறார்.

ஓட்டட்டும், ஆனால் டாக்டரைக் கேட்ட பிறகு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நமக்கு வலித்து எச்சரிக்கும் கொப்புளம் அவருக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு முறையும் பாதத்தின் அடி, விரலிடுக்கு எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடியை வைத்துப் பார்க்கட்டும். வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் நீங்கள் கை வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை இல்லாதவர்களும், இறங்கி அரை நாள் ஆகியும் மரப்பு போகவில்லை, அல்லது ஓட்டாத நாளிலும் மரக்கிறது என்றால் ஷூக் கடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள்தான் இருக்கிறது அண்ணா. அதில் மலை ஏறலாமா?

ஏறலாம் தம்பி. கியர் இல்லை, அதனால் ஒவ்வொரு மிதியும் கனம். ஏற்றம் கூடிய இடத்தில் இறங்கித் தள்ளு, வெட்கப்பட ஒன்றுமில்லை. பெடலைக் கையால் சுற்றிப் பார், தள்ளாடிச் சுற்றினால் அச்சு வளைந்திருக்கிறது, அதை மாற்று. கணுக்கால் வலிக்கு அதுதான் காரணமாக இருக்கும். பெடல் தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலும் மாற்றிவிடு, பெரிய செலவில்லை. பள்ளிக்கூட ஷூவே போதும், சாக்ஸ் மட்டும் ஓட்டை இல்லாமல் இருக்கட்டும். பிரேக் கட்டை தேயாமல் இருக்கிறதா என்று இறங்குவதற்கு முன்னால் பார்த்துக்கொள்.

டீக்கடையில் ஷூவைக் கழற்றினால் திரும்பப் போட முடியவில்லை!

வீக்கம். லேஸை ஒவ்வொரு கண்ணாக முழுசாக இளக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீயைக் குடியுங்கள். சுடச்சுடக் குடித்துவிட்டு ஓடாதீர்கள். இன்னொரு டீ சொல்லுங்கள், வர்க்கியும் சொல்லுங்கள். அது தீர்வதற்குள் கால் உள்ளே போய்விடும்.